கலவைக்காரர் எடுத்த இலை

வார இறுதியில் கடையை மூடிவிட்டு எல்லோரும் மலைக்குப் போய் மூன்று கோவில்களையும் சிவந்த இலைகளையும் பார்த்துவிட்டு வரலாம் என்று முதலாளி அறிவித்தபோது, அந்தப் பெயிண்ட் கடையில் வேலை பார்த்த பதினோரு பேரும் கைதட்டினார்கள். அதில் ஒருவர் மட்டும் அந்த வார இறுதியில் மழை கொட்டித் தீர்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தட்டினார்.

அவரைக் கடையில் கலவைக்காரர் என்பார்கள். பதினெட்டு வருடமாகப் பின்னறையில் நின்று நிறம் கலந்து கொடுக்கிறவர். ஊரில் பாதி வீடுகளின் சுவர் அவர் கைப்பட்டது. "எங்க ஆளுக்கு இருக்கிறது கண்ணே இல்லைங்க, தராசு!" என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். பாவம், அவர் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்ட உண்மை அது. கலவைக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான்.

பிறவியிலேயே அப்படி. நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். சிவப்பும் பச்சையும் மட்டும் ஒரே மங்கிய மண் நிறமாகத் தெரியும். தக்காளி பழுத்ததா என்று அமுக்கிப் பார்ப்பார். தெருமுனை சிக்னலில் மேலே விளக்கு எரிந்தால் நிற்பார், கீழே எரிந்தால் நடப்பார். இப்படிப்பட்டவர் ஒரு பெயிண்ட் கடையில் எப்படிப் பதினெட்டு வருடம் குப்பை கொட்டினார் என்று கேட்டால், மற்றவர்கள் கண்ணை நம்பினார்கள், இவர் நம்பவில்லை, அவ்வளவுதான். அவருக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர்கள், "இதெல்லாம் பார்த்தாலே தெரியாதா" என்று ஒரு சொட்டைக் கூட்டி ஒரு சொட்டைக் குறைத்து, படுக்கையறைக்குக் கேட்ட ரோஜா நிறத்தைக் கசாப்புக் கடை நிறமாக்கி அனுப்பி வேலையை விட்டுப் போனவர்கள். இவர் புத்தகத்தில் இருக்கும் எண்ணைப் பார்ப்பார், டப்பாவில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்ப்பார், தராசில் ஒரு கிராம் பிசகாமல் நிறுப்பார். யாராவது பெயர்ந்த சுவர்ச் சில்லு ஒன்றைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்றால், நிற அட்டையை அவர்கள் கையிலேயே கொடுத்து, "நீங்களே பொருத்திப் பாருங்க. அந்த வீட்ல வாழப்போறது நீங்கதானே?" என்பார். வந்தவர்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று நாலு பேரிடம் போய்ச் சொல்வார்கள்.

இந்த விஷயம் வேறு ஒருவருக்கும் தெரியாது. மனைவிக்கும் தெரியாது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயைத் திறந்து, திறந்த வாயில் சோற்றைப் போட்டு மூடியிருக்கிறார். காரணம், மச்சான். மனைவியின் அண்ணன். அதே கடையில் விற்பனைப் பிரிவில் இருப்பவர். "என் தங்கச்சி வீட்டுக்காரர் கண்ணுக்கு ஈடு கிடையாது" என்று முதலாளியிடம் சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், வாங்கிக் கொடுத்ததை வாரத்துக்கு இரண்டு தடவை நினைவூட்டுகிறவரும் அவர்தான். மனைவிக்குத் தெரிந்தால் அண்ணன் காதுக்குப் போகும், அண்ணன் காதுக்குப் போனால் முதலாளி காதுக்குப் போகும், அப்புறம் நாற்பத்தேழு வயதில் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். சிவப்புத் தெரியாதவனைப் பெயிண்ட் கலக்க எந்தக் கடையில் சேர்த்துக்கொள்வார்கள்?

"சும்மா ஊர் சுத்தப் போகலைப்பா," என்றார் முதலாளி. அதைச் சொல்லவே வேண்டாம். முதலாளி தும்மினால்கூட அதில் ஏதாவது வியாபாரம் இருக்கும். கடைக்கென்று வருடத்துக்கு ஒரு புது நிறம் விடுவது அவர் வழக்கம். "இந்த வருஷம் இலையுதிர் கால நிறம். நம்ம கலவைக்காரர் மலையில ஒரே ஒரு இலையை எடுத்துக் குடுப்பாரு. அந்த இலைதான் நம்ம நிறம்."

"மஞ்சள் இலை நல்லா இருக்கும்," என்றார் கலவைக்காரர் அவசரமாக.

"போன வருஷம்தானே மஞ்சள் விட்டோம்? சிவப்பு வேணும். பார்த்தா கண்ணு பத்திக்கணும்."

"மாப்பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்று மச்சான் ஒத்து ஊதினார்.

கலவைக்காரர் சிரித்து வைத்தார். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. என்ன ஆச்சு என்று மனைவி கேட்டாள். வாயுத் தொல்லை என்றார். அவள் ஒரு நிமிடம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, எழுந்து போய் வெந்நீர் வைத்தாள்.

சனிக்கிழமை காலை வீட்டுக்காரர்களோடு சேர்த்து இருபது பேர் ஒரு வேனில் கிளம்பினார்கள். இயற்கையோடு தனிமையில் இருக்க இருபது பேர். போகிற வழியெல்லாம் பாட்டு அலறியது. அமைதியின் அருமையைப் பற்றி முதலாளி அந்தப் பாட்டையும் மீறிக் கத்திப் பேசினார். மலைப்பாதையில் முதல் வளைவு வந்ததும் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து, "ஆஹா!" என்றார்கள்.

இந்த "ஆஹா" ஒரு பெரிய கண்டம். கலவைக்காரருக்கு ஜன்னலுக்கு வெளியே எதுவுமே நடக்கவில்லை. ஊர் உலகமே மலையேறி வந்து பார்க்கிற அந்தப் பருவத்தில், அவர் கண்ணுக்கு மலை சித்திரையில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஆகவே மற்றவர்கள் சொன்னதற்கு அரை நொடி தள்ளி இவரும் "ஆஹா" சொல்லிக்கொண்டே வந்தார். ஆறேழு வளைவுகளுக்குப் பிறகு கொஞ்சம் தைரியம் வந்து, ஒரு தடவை முந்திக்கொண்டு அவரே "ஆஹா!" என்றுவிட்டார். யாரும் கூடச் சொல்லவில்லை. வேன் தேயிலைத் தோட்டம் ஒன்றைக் கடந்துகொண்டிருந்தது.

"என்ன மாப்ளே?" என்றார் முன் இருக்கையிலிருந்த மச்சான்.

"ஒண்ணுமில்லை. காத்து நல்லா இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் தேடினாள்.

முதல் கோவிலுக்கு முந்நூற்றுச் சொச்சம் படிகள். முதலாளி பாதிப் படியில் உட்கார்ந்து, கடவுள் எங்கும் நிறைந்தவர் என்றும் மேலேதான் இருக்க வேண்டும் என்று இல்லை என்றும் விளக்கினார். மற்றவர்கள் ஏறிப் போய், சந்நிதியில் நின்ற நேரத்தைவிட அதிக நேரம் சந்நிதிக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். கலவைக்காரர் மட்டும் கண்ணை மூடிக் கையைக் கூப்பினார். நாளைக்குள் உலகத்தில் இருக்கிற சிவப்பு இலை அத்தனையும் உதிர்ந்து, காற்றில் அடித்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று வேண்டினார். தெய்வம் இந்த மாதிரி வேண்டுதலை அதற்கு முன் கேட்டிருக்காது.

இரண்டாவது கோவிலில் ஆபத்து நேராகவே வந்தது. புதிதாக வண்ணம் அடித்த மதில் ஒன்று. முதலாளி அதன் முன்னால் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "சொல்லுங்க, இது நம்ம அட்டையில எத்தனாம் நம்பர்?" என்றார்.

கலவைக்காரர் மதிலை உற்றுப் பார்த்தார். மதில் அவரை உற்றுப் பார்த்தது. சிவப்பா, பச்சையா என்பதே தெரியாதபோது நம்பரை எங்கே போய்த் தேடுவது? பக்கவாட்டில் பார்க்கிற பாவனையில் நாலு அடி தள்ளிப் போனார். அங்கே, குழாயடிக்குப் பின்னால், வண்ணம் அடித்தவர்கள் விட்டுப்போன காலி டப்பா ஒன்று கிடந்தது. அவர் கையால் நிரப்பாத டப்பாதான், ஆனால் எண் பெரிதாக ஒட்டியிருந்தது. எந்தக் கம்பெனி எண்ணுக்கு எது ஈடு என்பது புத்தகத்தைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு மனப்பாடம்.

"இருநூத்துப் பதினாலு," என்றார், திரும்பி நடந்துகொண்டே. "நம்ம கம்பெனி இல்லை. நம்மகிட்ட அதுக்குச் சரியா வர்றது எண்பத்தொண்ணு."

கூட்டம் வாயைப் பிளந்தது. மச்சான் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத குடும்பத்திடம், "என் தங்கச்சி வீட்டுக்காரர்" என்று அறிமுகம் செய்தார். கலவைக்காரருக்கு முதுகு முழுவதும் வேர்த்துவிட்டது. மனைவி அந்தக் காலி டப்பாவை ஒரு பார்வை பார்த்தாள், அவரை ஒரு பார்வை பார்த்தாள், கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது கோவிலை யாரும் சரியாகக் கும்பிடவில்லை. அதை ஒட்டித்தான் சிவந்த இலைகளுக்குப் பேர்போன அந்தச் சரிவு இருந்தது. மலை முழுவதும் சிவந்து கிடக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். முதலாளியின் மனைவி அழுதேவிட்டார். அழுத முகத்தோடு பதினைந்து படங்கள் எடுத்துக்கொண்டார்.

"போய் எடுத்துட்டு வாங்க," என்று முதலாளி கலவைக்காரரின் முதுகில் தட்டினார். "ஒரே இலை. அவசரமே இல்லை. கால் மணி நேரத்துல வேன் கிளம்புது."

மற்றவர்களும் ஆளாளுக்கு ஓர் இலையைப் பொறுக்கினார்கள். முதலாளி மனசு மாறி நம் இலையை எடுத்தாலும் எடுப்பார் என்கிற ஆசைதான். மச்சான் குனிந்து குனிந்து பத்து இலைகளை நிராகரித்து, பதினோராவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கலவைக்காரர் தனியாகச் சரிவில் இறங்கினார். காலடியில் ஆயிரம் இலைகள், எல்லாம் ஒரே மண் நிறம். ஓர் இலையை எடுத்தார், போட்டார். இன்னொன்றை எடுத்து, பழக்கதோஷத்தில் அமுக்கிப் பார்த்தார். காய்ந்த இலைதான் சிவந்த இலையாக இருக்குமா? காய்ந்தால் பழுப்பாகிவிடும் என்கிறார்களே? பழுப்பு என்பதும் அவருக்குக் கேள்விப்பட்ட விஷயம்தான். இலைக்குப் பின்னால் ஆண்டவன் ஓர் எண்ணை ஒட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று அவருக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம். பதினெட்டு வருட வேஷம் இன்னும் பத்து நிமிடத்தில் கலையப்போகிறது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"ஏங்க."

மனைவி இறங்கி வந்திருந்தாள். கீழே கிடந்ததை எடுக்காமல், தாழ்ந்த கிளை ஒன்றிலிருந்து ஓர் இலையைப் பறித்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இது எப்படி இருக்கு?"

அவர் வாங்கிப் பார்த்தார். பளபளப்பாக, ஓட்டை இல்லாமல், ஐந்து விரல் விரித்த மாதிரி அழகான இலை. "நல்லா இருக்கு," என்றார்.

"என்ன நிறம்ங்க இது?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். சாதாரணமாகத்தான் கேட்டாள். சரிவில் வேறு யாரும் இல்லை. சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. மேலே மச்சானின் குரல் கேட்டது.

"அருமையான சிவப்பு," என்றார்.

அவள் அவர் கையிலிருந்த இலையை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம், "சரி, அப்போ அதையே குடுங்க," என்று சொல்லிவிட்டு முன்னால் ஏறிப் போனாள்.

மேலே எல்லோரும் வட்டமாக நின்றிருந்தார்கள். கலவைக்காரர் இலையை முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். மச்சானின் முகம் விளக்கை அணைத்த மாதிரி ஆனது. யாரோ இருமினார்கள். தொலைந்தோம் என்று கலவைக்காரருக்குப் புரிந்தது. எதில் தொலைந்தோம் என்பதுதான் புரியவில்லை.

முதலாளி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கலவைக்காரரைப் பார்த்தார். பதினெட்டு வருடமாக ஊரெல்லாம் தூக்கி வைத்துப் பேசிய கண் அது. அதைப் பொட்டைக் கண் என்று இப்போது ஒப்புக்கொண்டால், அதை நம்பி ஊரெல்லாம் பீற்றியவனை என்னவென்று சொல்வார்கள்? முதலாளிக்கு அந்தக் கணக்குப் போட நாலு நொடி பிடித்தது.

"பச்சை," என்றார் மெதுவாக. அப்புறம் குரலை உயர்த்தினார். "பச்சை! பார்த்தீங்களா? நாம எல்லாரும் சிவப்பு, சிவப்புன்னு முட்டாள் மாதிரி அலைஞ்சோம். எல்லாக் கடைக்காரனும் இந்த வருஷம் சிவப்பைத்தான் விடுவான். இவரு, மலையே சிவந்து கிடக்குற இடத்துல, இன்னும் மாறமாட்டேன்னு தனியா நின்ன ஒரு பச்சையைப் பிடிச்சுட்டு வந்திருக்காரு! இதுக்குத்தான்யா கண்ணு வேணும்கிறது!"

முதலில் ஒருவர் கைதட்டினார், அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். பச்சைதான் உண்மையான இலையுதிர் கால நிறம் என்பது எல்லோருக்குமே உள்ளூர முன்பே தெரிந்திருந்ததாம். மச்சான் தன் கையிலிருந்த சிவப்பு இலையை நைசாகச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டு, "நான்தான் அப்பவே சொன்னேனே, மாப்பிள்ளை கண்ணு வேறன்னு," என்றார்.

கலவைக்காரர் அசட்டுச் சிரிப்போடு எல்லாக் கைகளையும் குலுக்கினார். காதில் ஒரே ஒரு சொல்தான் ஒலித்துக்கொண்டிருந்தது. பச்சை. இலையைப் பறித்துக் கொடுத்தவள் அவள். சிவப்பு என்று சொன்னது அவர். அவள் அதைச் சிவப்பு என்று சொல்லவே இல்லை.

வேன் இறங்க ஆரம்பித்தது. மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலைந்து வளைவுகள் வரை அவர் மலையைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் கடைசியில்.

"எது?"

"எனக்குத் தெரியாதுன்னு."

அவள் திரும்பவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு கடிதாசி எழுதினீங்களே, ஞாபகம் இருக்கா? பஸ் ஸ்டாப்புல மழையில பார்த்தேன், உங்க சிவப்புக் குடை இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குதுன்னு."

"இருக்கு."

"என் குடை பச்சை. ஒரு மாசம் எனக்குத் தூக்கமே இல்லை. எவளோ ஒரு சிவப்புக் குடைக்காரிக்கு எழுதவேண்டியதை எனக்கு எழுதிட்டீங்கன்னு நினைச்சேன். தினமும் அந்த ஸ்டாப்புல நின்னு போற வர்ற குடையை எல்லாம் பார்த்தேன். ஒருத்திகிட்டயும் சிவப்புக் குடை இல்லை."

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"கல்யாணம் ஆன மூணாவது மாசம் ரெண்டு கிலோ தக்காளி வாங்கிட்டு வந்தீங்க. எல்லாம் பச்சைக்காய். 'பழுத்து நல்லா இருக்கு பாரு'ன்னு பெருமையாக் குடுத்தீங்க. அன்னைக்குப் புரிஞ்சுது. அதுக்கு அப்புறம்தான் தக்காளியை அமுக்கிப் பார்க்கவே ஆரம்பிச்சீங்க."

"ஏன் கேக்கலை?"

"ஏன் சொல்லலை?" இப்போது அவள் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் கோபம்தான் அதிகம். "இன்னைக்குச் சொல்வாரு, நாளைக்குச் சொல்வாருன்னு பத்தொன்பது வருஷம் பார்த்தாச்சு. உங்களுக்கு நீலத்துலயும் வெள்ளையிலயும் மட்டுமே சட்டை எடுத்தேன். கூடையில பழம் மேல, காய் கீழன்னு வெச்சேன். இதெல்லாம் தானா நடக்குதுன்னு நினைச்சீங்களா? நான் எங்க அண்ணன்கிட்டப் போய்ச் சொல்லிடுவேன்னு பயம். பத்தொன்பது வருஷமா சொல்லாதவ, புதுசாப் போய்ச் சொல்வேனா?"

"இன்னைக்கு என் வேலையே போயிருக்கும்."

"தெரியும். நீங்க அந்த இலையைக் கொண்டு போகும்போது ஓடிவந்து பிடுங்கிடலாம்னு நினைச்சேன்." அவள் குரல் இறங்கியது. "'இது சிவப்புதானே'ன்னு ஒரு வார்த்தை என்னைக் கேப்பீங்கன்னு நினைச்சுத்தாங்க குடுத்தேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. முதலாளியிடம் மாட்டிக்கொண்டிருந்தால்கூட இத்தனை வெட்கம் வந்திருக்காது. ஊர்க்காரர்கள் கண்ணில் மண்ணைத் தூவியதாக நினைத்துக்கொண்டு, வீட்டில் ஒருத்தியைத் தினமும் காக்க வைத்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எப்போதும் போல ஒரே மண் நிறம்.

"அந்த வளைவுல நிக்குதே ஒரு மரம்," என்றார். "அது என்ன நிறம்?"

அவர் கேட்டதை இன்னொரு தடவை மனசுக்குள் கேட்டுப் பார்க்கிறவள் போல இருந்தாள். அப்புறம், "சிவப்பு," என்றாள்.

"பக்கத்துல இருக்கிறது?"

"அதுவும் சிவப்புதான். ஆனா வேற சிவப்பு. கொஞ்சம் அடங்கின சிவப்பு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது," என்றார் கலவைக்காரர். சத்தமாகவே சொன்னார்.

மச்சான் திரும்பிப் பார்த்தார். "என்ன மாப்ளே சொல்றீங்க?"

"எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது மச்சான். பிறந்ததுலேர்ந்தே தெரியாது. அந்த இலை சிவப்புன்னு நினைச்சுத்தான் குடுத்தேன்."

வேனில் எல்லாத் தலைகளும் திரும்பின. பிறகு முன்னாலிருந்து முதலாளியின் சிரிப்பு வெடித்தது.

"பார்த்தீங்களாய்யா! இவ்வளவு பெரிய வேலையைச் செஞ்சுட்டு, எனக்கு நிறமே தெரியாதுங்கிறாரு! இந்த அடக்கம் யாருக்கு வரும்?" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மச்சான் தங்கையைப் பார்த்து, இப்படி ஒரு தங்கமான மனுஷனைக் கொண்டுவந்து கடையில் சேர்த்தது யார் என்று நினைவூட்டினார்.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு அடங்கட்டும் என்று கலவைக்காரர் காத்திருந்தார். பிறகு அவள் பக்கம் சாய்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "அடுத்த மரம்?" என்றார்.